வால் மட்டும் மிஞ்சிய மீன்

நான் ஒரு அசட்டுக் கோழை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்ல வாய் கூசாது.

போன தை மாதம் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, மீன் எண்ணெய் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தச்சநல்லூரில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் சீட்டை நீட்டினேன். கடைக்காரருக்கு மேடைக் குரல். "மீன் எண்ணெ மாத்திரையா அண்ணாச்சி?" என்று அவர் கேட்டது பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிருக்கும். பக்கத்தில் நின்று தைலம் வாங்கிக்கொண்டிருந்தவர் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் கமிட்டிக்காரர். என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தாரோ, கழுத்துக்குத்தான் சொடுக்கு எடுத்தாரோ, யார் கண்டது? என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது: "எனக்கில்ல தம்பி, நாயிக்கு."

சீட்டில் என் பெயர் இருந்தது. வயது அறுபத்திரண்டு என்றும் இருந்தது. கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாயிக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையும் உண்டு போல" என்று சொல்லி அதையும் பையில் போட்டார்.

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. பூனையும் கிடையாது. பூனை இல்லாததற்குத் தனிக் காரணம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். அடுத்த மாதம் போனால், "நாய் எப்படி இருக்கு அண்ணாச்சி? காலையில நடக்கப் போவுதா?" என்று கேட்கிறார். "போவுது. முட்டிதான் வலிக்குன்னு சொல்லுது" என்கிறேன். சொல்லிவிட்டு வீடு வரைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும். இதை அவர் படித்தால் படிக்கட்டும். இந்த அருவருப்பு எங்கிருந்து வந்தது என்பதை அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

என் வயதுக்காரர்களே, உங்களில் பலருக்கு மீன் எண்ணெய் என்ற பேரைக் கேட்டதும் இப்போதே தொண்டையில் ஏதோ படிந்திருக்கும். நம் காலத்தில் அதை மாத்திரைக்குள் அடைத்துக் கொடுக்கிற நாகரிகம் வந்திருக்கவில்லை. பாட்டில்தான், கரண்டிதான். எனக்கு ஒன்பது வயது. வேளைக்கு ஒரு பிடி சோறு தின்று, விலா எலும்பை எண்ணக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டை டாக்டர் முதுகில் தட்டிப் பார்த்து, 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று ஒரு பெயரைச் சொல்லி, நாள் தவறாமல் மீன் எண்ணெய் கொடுக்க வேண்டும் என்றார். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து, எனக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

நாங்கள் இருந்தது டவுனில், ரதவீதிக்குப் பின்னால் ஒரு தெரு. முழுக்கச் சைவர்கள். வயல் இருந்த காலம் போய், ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் ஒண்டிக்கொண்ட குடும்பங்கள். வயல் போன பிறகு எங்களிடம் மிச்சம் இருந்த ஒரே சொத்து, நாங்கள் தின்னாத பொருட்கள்தான். தெருவில் ஒரு முட்டை ஓடு கிடந்தால், அது யார் வீட்டுக் குப்பை என்று மூன்று நாள் விசாரணை நடக்கும்.

அப்பா அந்தப் பாட்டிலை வாழையிலைக் கட்டுக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார்.

"மருந்துல சைவம் என்ன, அசைவம் என்ன?" என்றார் அம்மாவிடம்.

"அப்ப எதுக்கு இலைக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்திய?"

"நாலு பேரு என்ன நெனைப்பான்?"

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவள் கேட்டாள்: "அந்த நாலு பேரு யாரு அண்ணன்? பேரச் சொல்லுங்க, நான் போயிப் பேசிக்கிடுதேன்."

அப்பா உண்மையிலேயே விரல் விட்டு எண்ணினார். எதிர்வீட்டுப் பெரியம்மை ஒன்று. கோயில் தர்மகர்த்தா ரெண்டு. ஆபீஸ் சூப்ரண்டு மூணு. நாலாவது விரலைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். "நாலாவது ஆளு இப்ப ஞாபகத்துக்கு வரல" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். அந்த நாலாவது ஆள் யார் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. இன்றைக்கும் சவரம் செய்யும்போது தினமும் பார்க்கிறேன்.

பாட்டிலின் மேல் மீன் படம் போட்டிருந்தது. மீன் என்றால் சாதாரண மீன் இல்லை, கண்ணைத் திறந்து நம்மைப் பார்க்கிற மீன். அப்பா சவர பிளேடை எடுத்து அதைச் சுரண்டினார். தலை போனது, உடம்பு போனது, வால் மட்டும் போகவில்லை. என்ன செய்தும் போகவில்லை. கடைசியில் திருச்செந்தூர் விபூதிப் பொட்டலத்திலிருந்து முருகன் படத்தைக் கத்தரித்துச் சோற்றுப் பருக்கையால் வாலின் மேல் ஒட்டினார்.

"ஐயோ, சாமி படத்தையா?" அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கடலோரத்துல இருக்கவருதானட்டி. மீனெல்லாம் அவருக்குப் பழக்கம்தான்."

அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு புறவாசலுக்கு ஓடினாள். அவள் சிரித்து முடித்துத் திரும்பி வந்தபோது, பாட்டில் பூசை அலமாரியில், விளக்குக்கு ஊற்றுகிற நல்லெண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. யாரும் சந்தேகப்படாத இடம் அதுதான் என்பது அப்பாவின் கணிப்பு. தினமும் காலையில் நான் அதற்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுக் குடித்தேன்.

குடித்தது எப்படி என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு முழு அருவருப்பும் வராது. அம்மா என் மூக்கைப் பிடிப்பாள். கரண்டி உள்ளே போகும். முதலில் ஒன்றும் தெரியாது. மூக்கை விட்டதும்தான் வரும். ஈரச் சாக்கை வெயிலில் போட்டு, அதன் மேல் செத்த நண்டை நசுக்கி, துருப்பிடித்த தகரத்தில் வழித்த மாதிரி ஒரு வாடை. அது நாக்கில் நிற்காது. அண்ணத்தில் ஒரு தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அச்சுவெல்லம் கொடுப்பார்கள். வெல்லமும் மீனாகிவிடும். பத்து மணிக்கு முதல் ஏப்பம். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் மெல்லத் தள்ளி உட்கார்ந்தான். ஒரு வாரத்தில் பெஞ்சு முழுக்க எனக்கே கிடைத்தது. குறுக்குத்துறையில் குளிக்கப் போனால், ஆற்றில் மற்றவர் காலை விட்டுவிட்டு மீன் குஞ்சுகள் என் காலைச் சுற்றி வந்து கடித்தன. சொந்தக்காரன் என்று நினைத்திருக்கும்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எண்ணெயை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு புறவாசலுக்கு ஓடி, சாக்கடை ஓரத்துக் கல்வாழையின் அடியில் துப்பினேன். இரண்டே நாளில் அந்த இடத்துக்குப் பூனைகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு மூன்று. பூனைகள் மேல் இரக்கப்பட்டு, யாரும் இல்லாத சமயம் பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் ஊற்றினேன். சீக்கிரம் தீர்ந்துவிட்டால் இந்தத் தண்டனையும் தீரும் என்பது என் கணக்கு. பூனைகள் நன்றியுள்ளவை. நான் பள்ளிக்கூடம் போனால் மூன்றும் பின்னால் வரிசையாக வந்தன. தெருவே பார்த்தது. அதற்குப் பிறகு இன்று வரை என் வீட்டுப் படியில் ஒரு பூனையையும் நான் ஏற்றியதில்லை.

ஆனி மாதம். மேற்கேயிருந்து காற்று எடுத்து வீசுகிற சமயம். எங்கள் வீட்டு வாடை நேரே எதிர்வீட்டுக்குப் போனது. அங்கேதான் பெரியம்மை இருந்தாள். எங்களுக்கு என்ன உறவு என்று யாருக்கும் தெரியாது, தெருவுக்கே அவள் பெரியம்மை. அந்தப் பெயரில் ஒரு நோய் உண்டு அல்லவா? அதுவும் இவளும் எந்த வீட்டுக்கும் சொல்லிவிட்டு வந்ததில்லை. ஒரு நாள் மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நேரே அடுப்படி வரை வந்தாள்.

"ஏட்டி, என்ன ஒரு வாடை இது? கொமட்டிக்கிட்டு வருது."

"பெருச்சாளி செத்துக் கெடக்கு போல பெரியம்மை" என்றாள் அம்மா.

அந்த ஒரு பொய்யால் நாங்கள் பட்ட பாடு! பெரியம்மை மறுநாள் தன் மகனைக் கடப்பாரையோடு அனுப்பிவைத்தாள். "செத்தத எடுக்காம வுட்டா வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டாளாம். உண்மையைச் சொல்ல மனம் வராமல் அப்பா அவனைப் புறவாசல் சாக்கடையைக் கிளற விட்டார். மூன்று கல்லைப் பெயர்த்தான். கறுப்பாகப் பசை மாதிரி ஒரு சேறு பொங்கி வந்தது. முடி, சோறு, யாரோ பல் விளக்கிய குச்சி. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குள் கையை விட்டு, இல்லாத பெருச்சாளியைத் தேடினார். முழங்கை வரைக்கும் விட்டுத் தேடினார். தாலுகா ஆபீஸில் இருபது பேரை மிரட்டுகிற மனிதர். இப்போது நினைத்தாலும் எனக்கு அந்தச் சேற்றைவிட அந்தக் கையைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் அத்தைக்கு வரன் வந்தது. அம்பாசமுத்திரம் பக்கம். வயல் போனாலும் மீசை போகாத குடும்பம். மாப்பிள்ளை மின்சார வாரியத்தில் வேலை. அத்தைக்கு அதே வாரம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்து, திங்கட்கிழமை வந்து சேரும்படி கடிதம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா சொல்லி அனுப்பிவிட்டார்: படித்தது போதும், எங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிற வழக்கம் இல்லை.

"நான் படிக்கப் போறேன் அண்ணன்."

"ஏளா, இவ்வளவு பெரிய எடம் தானா வந்திருக்கு. வேண்டாம்னு சொன்னா நாலு பேரு என்ன நெனைப்பான்? பொண்ணுக்கு என்ன கொறையோன்னு பேச மாட்டானா?"

அத்தை இந்தத் தடவை நாலு பேருடைய பெயரைக் கேட்கவில்லை. கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "சரி அண்ணன்" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதே கிடையாது. அம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு மட்டும் எனக்கு எண்ணெய் வேண்டாம் என்று அப்பா சொன்னார். டாக்டர் நாள் தவறாமல் என்றாரே என்று அம்மா மத்தியானம் யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டி ஊற்றிவிட்டாள். அத்தை குளித்துத் தலை வாரி, "வெளக்க நான் ஏத்துதேன் மதினி. நீங்க அடுப்பப் பாருங்க" என்று பூசை அலமாரிப் பக்கம் போனாள். என்ன பொறுப்பு வந்துவிட்டது பார் என்று அம்மா என்னிடமே சொன்னாள்.

வந்தவர்களை நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் பின்னலைத் தூக்கி, சவுரி வைத்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். சிரிக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள். கால் ஊனமா என்று தெரிந்துகொள்ள, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி நடக்கவிட்டுப் பார்த்தாள். தென்காசிச் சந்தையில் மாட்டை இதைவிட மரியாதையாகப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை ஸ்கூட்டர் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்தார். எடுத்தார். முகர்ந்தார். அதே கையால் கேசரியை அள்ளினார். அப்பா அவருக்கு எதிரில் பாதி குனிந்தபடியே, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். அந்த நிமிஷத்தில் எனக்கு வயிற்றைப் புரட்டியதற்கு எண்ணெய் மட்டும்தான் காரணமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஏப்பம் வந்தது. அடக்க அடக்க, பெரிதாக, நீளமாக, எண்ணெய் கொடுக்கச் சொன்ன டாக்டர் கேட்டால் பயந்துவிடுகிற மாதிரி ஒரு ஏப்பம்.

கூடம் முழுக்க வாடை பரவியது. என் ஒரு சின்ன வயிற்றுக்குள் இவ்வளவு இருந்ததா என்று எனக்கே திகைப்பு. குத்துவிளக்கு அன்றைக்கென்று படபடவென்று பொரிந்து கறுப்பாகப் புகைந்துகொண்டிருந்தது. சகுனம் சரியில்லை என்று அதைப் பற்றியும் பிறகு பேசினார்கள். போதாததற்கு என் பூனைகளில் ஒன்று உள்ளே வந்து, என்னைத் தாண்டிப் போய், விளக்கின் முன்னால் பக்தியோடு உட்கார்ந்துகொண்டது.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கை மூடினாள். "கவுச்சி வாடை அடிக்கே! சைவ வீடுன்னுல்லா சொன்னாவ?"

"பெருச்சாளி செத்து..." என்றார் அப்பா.

"வெளிய சாக்கடை..." என்றாள் அம்மா அதே சமயத்தில்.

எல்லாரும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. நான் நடுக்கூடத்துக்கு வந்து நின்று, ஒப்பிப்பது போலச் சொன்னேன்: "நான்தான். ஏப்பம். தெனமும் மீன் எண்ணெ குடிக்கேன். முருகன் படம் ஒட்டி அலமாரியில இருக்கு."

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்தார். நகத்தால் முருகனைச் சுரண்டினார். வால் தெரிந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை.

"முழுப் பாட்டிலையும் குடிச்சிருக்கானே வே! இது மருந்தா, குழம்பா?"

இரண்டு நாளுக்கு முன்னால் பாதி இருந்தது. பூனைகளுக்கு அவ்வளவு ஊற்றினேனா என்று எனக்குக் குழப்பம். ஆனால் ஊற்றியது உண்மை, எந்த முகத்தோடு மறுக்க? அவர்கள் கை கழுவக்கூட நிற்கவில்லை. அப்பா வாசல் வரைக்கும், தெருமுனை வரைக்கும், பின்னாலேயே ஓடினார். திரும்பி வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார், டாக்டர் தட்டிய அதே இடத்தில். அத்தை குனிந்து விளக்கை அணைத்துத் திரியைக் கிள்ளி எறிந்தாள். அவள் தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள், நான்தான் அழ வைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் தெருக்காரர்கள் யாரும் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. 'மீனு வீடு' என்று பெயர் வந்தது. அப்பா கோயிலுக்குப் பின்சந்து வழியாகப் போக ஆரம்பித்தார். சாகும் வரை அந்தச் சந்துதான் அவருக்கு வழி. தெருவில் மற்ற வீடுகளிலும் மீன் எண்ணெய் பாட்டில்கள் இருந்தன என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. பெரியம்மை போன பிறகு அவள் வீட்டைக் காலி செய்தபோது அரிசிப் பானைக்குள்ளிருந்து இரண்டு கிடைத்தன. கடப்பாரை பிடித்த மகனும் அதைக் குடித்து வளர்ந்தவன்தான். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காறித் துப்பத்தான் தோன்றியது.

அத்தை அந்தத் திங்கட்கிழமையே பயிற்சிக் கல்லூரிக்குப் போனாள். தடுக்க அப்பாவிடம் தெம்பும் இல்லை, காரணமும் இல்லை. போகிற வழியில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி ஒரு சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். மனசு உடைந்த நிலையிலும் என்னை மன்னித்துவிட்டாளே என்று ஐஸ் உருகி முழங்கைக்கு வழிய வழிய அழுதேன். "என்னலே அழுத? நல்லா இல்லியா?" என்று கேட்டுவிட்டு இன்னொன்று வாங்கிக் கொடுத்தாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டீச்சர், ஹெட்மிஸ்ட்ரஸ், ஓய்வு, பாளையங்கோட்டையில் மாடியில் ஒரு வீடு, காசியிலிருந்து கன்னியாகுமரி வரை சுற்றுப்பயணம். எனக்கு மட்டும் அவள் வாழ்க்கை நான் ஒரு ஏப்பத்தில் கெடுத்த வாழ்க்கை. வேலைக்குப் போன நாளிலிருந்து வருஷா வருஷம் பொங்கலுக்கு அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தேன். கல்யாண வீடுகளில் யாராவது, "உங்க அத்தை ஏன் தனியாவே இருந்துட்டாவ?" என்று கேட்டால், பந்தியில் உட்காராமல் எழுந்து வந்துவிடுவேன். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனி ஸ்டோரில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். மத்தியானம் சாப்பிட்டதும் நாலு பேர் இருக்கிற இடத்தில் உட்கார மாட்டேன், ஏப்பம் வந்துவிட்டால் என்று பயம். கர்வம் பிடித்தவன் என்று பேர் வாங்கினேன். அந்தப் பேரையும் நினைத்துத் தூக்கம் கெட்டேன்.

போன வாரம் அத்தையைப் பார்க்கப் போனேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி பிடித்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவில், காலையில் போட்ட மாத்திரை தன் வேலையைக் காட்டியது. ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து அதே ஏப்பம், அதே வாடை, அதே ஆள் எதிரில்.

அத்தை பேப்பரை இறக்கி மூக்கை உறிஞ்சினாள். "ஏலே, இது எனக்குத் தெரிஞ்ச வாடையாச்சே."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. மாத்திரையைச் சொன்னேன். மருந்துக்கடையில் சொன்ன நாயைச் சொன்னேன். நாய்க்கு ரத்தக்கொதிப்பு என்று கேட்டதும் அவளுக்குப் புரை ஏறித் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, மிச்சத்தையும் கொட்டினேன். "அன்னைக்கு நான் மட்டும் ஏப்பம் விடாம இருந்திருந்தா, உங்களுக்கு அந்தக் கல்யாணம் நடந்திருக்கும் அத்தை. குடும்பம், பிள்ளைகுட்டின்னு இருந்திருப்பிய. இத ஒரு நாளாவது உங்ககிட்டச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்னுதான் இத்தன வருஷமா..."

அத்தை பூதக்கண்ணாடியை முந்தானையில் துடைத்து மறுபடி பேப்பருக்கு மேல் பிடித்தாள்.

"கோட்டிப்பயலே, அன்னைக்கு வெளக்குல அந்த எண்ணெய ஊத்துனது நான்தாம்லே."